எந்தக் கூட்டத்திலும் சேராத கல்

விண்கல் வகுப்பாளர் என்றொரு மனித இனம் கொழும்பில் உண்டு. அதன் சிறந்த மாதிரி, வெள்ளவத்தையில் லிப்ட் வேலை செய்யாத ஒரு தொடர்மாடியில், என் பக்கத்து வீட்டில் வசிக்கிறது. பார்த்ததே இல்லை என்று சொல்லாதீர்கள், வாசகரே. மாலை ஐந்தரைக்குக் கடற்கரைத் தண்டவாளத்தோரம் குனிந்த தலை நிமிராமல் நடந்து, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி ஒவ்வொரு கல்லுக்கும் மேலாகத் தொங்கவிட்டு, "அங்கிள், கோச்சிய எனவா!" என்று யாராவது சிங்களத்தில் கத்தும்வரை கோச்சி, அதாவது ரயில், வருவதையே அறியாமல் நிற்கும் மனிதர் வேறு யார்? முத்துலிங்கம்தான். இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர். தர்ஷிகா என்றொரு பெண்ணின் தகப்பன்.

கல்லிடம் அவர் கேட்பது இரண்டே கேள்வி. உனக்குள் என்ன இருக்கிறது? நீ எங்கிருந்து வந்தாய்? காந்தம் இழுத்தால் இரும்பு உண்டு. டைல்ஸின் முதுகில் உரசும்போது சிவப்பாகவோ கறுப்பாகவோ கோடு விழுந்தால் பூமிக்கல், தூர எறி. அரிந்த முகத்தில் கடுகு கடுகாய் உருண்டைகள் தெரிந்தால் சூரியனைச் சுற்றிய பழைய தூசியில் பிறந்தது, கண்ணாடி அலுமாரிக்குள் வை. இரும்பு, கல், இரண்டும் கலந்தது என்று மூன்று தட்டு. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்திரன், செவ்வாய், உடைந்துபோன இன்ன சிறுகோள் என்று பூர்வீகம் எழுதிய துண்டு. அங்கே இருக்கும் நாற்பத்தொரு கல்லில் முப்பத்தொன்பது ரயில்வேக்காரர் கொட்டிய சல்லிக்கல் என்பது என் அபிப்பிராயம். அதை யாரும் கேட்கவில்லை.

இதில் என்ன குற்றம்? ஒன்றுமில்லை, கல்லோடு நின்றிருந்தால். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் அதே கேள்விதான்.

"தம்பி எவடம்?"

"வெள்ளவத்தை."

"அது இருக்கிற இடம். சொந்த இடம்?"

ஊரைச் சொன்னால், "அங்க எவடம்? கோயிலடியோ, சந்தையடியோ?" கோயிலடி என்றால், "கோயிலுக்குக் கிழக்கையோ, மேற்கையோ?" இப்படி உரசி உரசிக் கடைசியில் "ஆரின்ர பகுதி?" என்பதில், அதாவது குலம் கோத்திரத்தில், வந்து நிற்கும். அதற்குள் தேத்தண்ணி வரும், அல்லது வராது. அது விடையைப் பொறுத்தது.

இப்படிப்பட்டவரிடம்தான் தர்ஷிகா, மணம் முடித்தால் ஷெல்டனைத்தான் என்று நின்றாள். அப்பாவின் சம்மதம் இல்லாமல் முடிக்கவும் மாட்டேன் என்று நின்றாள். ஆகவே அவள் வாழ்க்கை முழுவதும், அவன் பெண் கேட்டு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொங்கியது. நடுநிலையாளராக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

ஷெல்டன் துறைமுகத்தில் எஞ்சினியர். கேக் கொண்டு வரவில்லை; பத்திரிகைத்தாளில் சுற்றி ஒரு கல் கொண்டு வந்திருந்தான். அவன் தகப்பனுக்கு ஒரு மாலுமி கொடுத்துப்போனதாம். கூடவே வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றின் கடிதம்.

முத்துலிங்கம் கடிதத்தை எழுந்து நின்று வாசித்தார்.

"இரும்பு இருக்கு, ஒலிவீன் இருக்கு, கரியும் இருக்கு. ஒட்சிசன் கணக்கு ஒரு கூட்டத்தோடயும் பொருந்தேல்லை! தம்பி, இது வகைப்படாத கல். எங்க பிறந்ததெண்டு ஆருக்கும் தெரியாது. கோடியில ஒண்டு!"

செவ்வாய்க் கிரகத்தை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு நடுத்தட்டில் அதை வைத்தார். தேத்தண்ணி வந்தது. வடையும் வந்தது. நான் மனதுக்குள் பந்தல்கால் நட்டுவிட்டேன். ஆனால் பழக்கதோஷம் விடுமா?

"தம்பி எவடம்?"

"கொட்டாஞ்சேனை, அங்கிள்."

"சொந்த இடம்?"

"அதுதான் அங்கிள். அப்பாட அப்பா மன்னார், அப்பாட அம்மா தூத்துக்குடி. அம்மா பதுளை, தோட்டம். அம்மாட அம்மா நீர்கொழும்பு, சிங்களம்."

முத்துலிங்கத்தின் வடை பாதி வழியில் நின்றது.

"அப்ப நீர் ஆரின்ர பகுதி?"

"தெரியாது, அங்கிள்."

அவர் எழுந்து பல்கனிக்குப் போனார். கடலைப் பார்த்தபடியே மகளுக்குத் தீர்ப்புச் சொன்னார்: "பிள்ளை, இது ஒரு இடத்திலயும் சேராத சம்பந்தம்."

எனக்குக் கோபம் வந்தது. மனிதனா இவர் என்று கேட்க வாயெடுத்தேன். வாய்க்குள் அவருடைய வடை இருந்தது.

தர்ஷிகா அழவில்லை. அலுமாரியைத் திறந்து, நடுத்தட்டுக் கல்லை எடுத்து, ஷெல்டனின் கையில் வைத்தாள்.

"இதையும் கொண்டுபோங்கோ. இதுவும் ஒரு இடத்திலயும் சேராதாம்."

ஷெல்டன் கல்லைத் திரும்பத் தாளில் சுற்றினான். செருப்பை மாட்டினான். கதவைத் திறந்தான்.

"நில்லும்!" என்றார் முத்துலிங்கம். நிற்கச் சொன்னது கல்லையா மாப்பிள்ளையையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் நின்றன.

போன மாதம் கல்யாணம். மண்டப வாசலில் அவருடைய உறவினர் ஒருவர், சந்தனம் காயுமுன்னே, காதோடு காதாகக் கேட்டார்: "மாப்பிள்ளை எவடம்?" முத்துலிங்கம் இடம் பார்த்தார், வலம் பார்த்தார். பிறகு விரலை மண்டபக் கூரைக்கு மேலே காட்டினார்.

"அங்கயிருந்து வந்தவர். கோடியில ஒண்டு."

சிரித்தீர்களா? நல்லது. ஆனால் முத்துலிங்கம் எந்த ஊர் என்று நான் எங்கும் எழுதவில்லை. நீங்கள் தேடினீர்கள். பேச்சைக் கேட்டு ஊரைப் பிடித்துவிடலாமா என்றும் பார்த்தீர்கள். கிடைக்காதபோது, இதை எழுதுகிற ஆள் எவடமாம், ஆரின்ர பகுதியாம் என்று மெல்ல என் பக்கம் திரும்பியும்விட்டீர்கள். நூலைச் சுற்றிக் காந்தத்தைச் சட்டைப்பைக்குள் வையுங்கள், வாசகரே. கோச்சி வருகிறது.