வசனம் அண்ணை பேசவைத்த படம்

டென்மார்க்கில் மௌனப்படத்துக்குத் தமிழில் வசனம் பேசிய ஒரே மனிதர் எங்கள் வசனம் அண்ணைதான். யாராவது மறுத்தால் நான் சண்டைக்கு வருவேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. போருக்குத் தப்பிவந்து, ஸ்கீவ நகரில் ஒரு பழைய விடுதியில் அகதிகளாக இருந்தோம். தொலைக்காட்சியில் டேனிஷ்காரர் வாயைத் திறந்தால் போதும், அண்ணை தமிழில் வசனம் கொடுப்பார். வானிலை சொல்லும் பெண், அவர் புண்ணியத்தில், தினமும் மாமியோடு சண்டை பிடித்தாள்.

எங்களுக்கு டேனிஷ் படிப்பித்த ரீச்சருக்குப் பழைய படங்களென்றால் பைத்தியம். பெண்கள் கமெராவுக்குப் பின்னால் நிற்பதே அதிசயமாக இருந்த காலத்தில் ஒரு பெண் இயக்கிய மௌனப்படத்தை நூலகத்தில் திரையிட்டார். எங்களையும் அழைத்தார்.

"அண்ணை, மரியாதையான சனம் வரும். வாயைத் திறக்கப்படாது."

"ஓமடாப்பா. நான் என்ன சின்னப்பிள்ளையே?"

படத்தில் ஒரு தையற்காரி. பணக்காரப் பையன் ஒருவன் அவளை ஏமாற்றிவிட்டு வேறொருத்தியைக் கட்டுகிறான். அண்ணை மூக்குத் துடைக்கும் லேஞ்சியை வாய்க்குள் அடைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தார். அவள் கைக்குழந்தையோடு போய்க் கதவைத் தட்ட, அவன் ஜன்னல் திரையை இழுத்து மூடினான். லேஞ்சி பறந்தது.

"டேய்! கதவைத் திறவடா! பிள்ளைக்குக் குளிருதடா!"

நூலகமே திரும்பிப் பார்த்தது. ரீச்சர் புரொஜெக்டரை நிறுத்தினார். எல்லாரையும் நாடுகடத்தப் போகிறார்கள் என்றே நினைத்தேன். அண்ணை என்ன சொன்னார் என்று ரீச்சர் கேட்க, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அதைச் சபைக்கு டேனிஷில் சொன்னார். "யா, யா! சரியாகத்தான் கேட்கிறார்!" என்று ஒரு முதியவள் கத்தினாள். திரைக்குப் பக்கத்தில் அண்ணைக்கு நாற்காலி போட்டார்கள்.

பிறகு கேட்க வேண்டுமா! காதலியாகக் கெஞ்சினார், மாமியாகச் சீறினார், குழந்தையாக வீரிட்டார். நானும் ரீச்சரும் மொழிபெயர்த்தே களைத்துப்போனோம்.

கடைசியில் அவள் குழந்தையைத் தமக்கையிடம் கொடுத்துவிட்டுக் கடலுக்குள் நடந்தாள். அலை மூடியது. படம் முடிந்தது. விளக்கு எரிந்தபோது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணை எழுந்து நின்றார்.

"ஒருத்தரும் அழாதேங்கோ. அவவுக்கு நீந்தத் தெரியும்."

மொழிபெயர்த்துச் சொன்னதும் கூடம் சிரித்துக் கைதட்டியது. ரீச்சர் மட்டும், படத்தில் அப்படியொன்றும் இல்லையே என்று முணுமுணுத்தார்.

திரும்பி நடக்கும்போது கேட்டேன். "நீந்தத் தெரியுமெண்டு உங்களுக்கு ஆரண்ணை சொன்னது?"

"ஊரிலையிருந்து வாறதெல்லாம் செத்த செய்திதானே, தம்பி. இண்டைக்கு ஒருத்தியெண்டாலும் கரைசேரட்டுமே."

நான் அவர் தோளில் விழுந்திருந்த பனியைத் தட்டிவிட்டேன்.