சோயா சாரின் எலிகள்

"உங்க எலிங்க எப்பப் பார்த்தாலும் படுத்தே கிடக்குதே?" என்று இயக்குநர் கேட்டதும் சோயா சாருக்கு வயிறு எரிந்தது.

அந்த ஆய்வுக்கூடத்தில் எலிக்கு எதைப் போடுகிறார்களோ அதுதான் ஆளுக்குப் பேர். இவருடைய எலிகளுக்குச் சோயாப் புரதம். பக்கத்து மேஜை பால் மேடத்தின் எலிகளுக்குப் பால் புரதம். ஈரலில் கொழுப்பைக் கரைக்கும் ஜீன்களை எது தட்டி எழுப்புகிறதோ, அந்தக் கட்சிக்குத்தான் நிரந்தர வேலை.

மேடத்தின் எலிகள் சிக்கென்று ஓடின. இவருடையவை தொப்பையைத் தரையில் தேய்த்தன.

"எல்லாம் பாலோட மகிமை சார்" என்பார் மேடம், யாரும் கேட்காமலே. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் இவருக்குச் சோறு இறங்காது. அவருக்கு மட்டும் எப்படி?

ஓடுவதற்குச் சக்கரம் வாங்கிப் போட்டார். எலிகள் அதில் ஏறித் தூங்கின. தீவனத்தைக் குறைத்தார். ஒன்றன் வாலை ஒன்று கடித்தன.

பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கூண்டு கழுவும் அக்கா மட்டும் குழாயடியில். தீவன டப்பாக்கள் இரண்டும் ஒரே மாதிரி, உருண்டைகளும் ஒரே நிறம். பேர் ஒட்டியிருந்தது மூடியில் மட்டும். மூடிகளை மாற்றிவிட்டு, பூனை மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டார்.

சில வாரத்தில் எல்லாம் தலைகீழ். இவர் எலிகள் இளைத்தன, மேடத்தின் எலிகள் ஊதின. ஜீன் பரிசோதனையும் அதையே சொன்னது.

"சோயாதான்யா. வேலை உனக்குத்தான்" என்று முதுகில் தட்டினார் இயக்குநர். "எனக்கும் ஈரல்ல கொழுப்பு. இன்னையிலேர்ந்து மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டு வெறும் சோயாதான்."

சோயா சாருக்கு வியர்த்துக் கொட்டியது. பொறாமை சரி, கொலை கூடாதே.

"சார், அது சோயா இல்ல, பால். நான்தான் மூடியை மாத்திட்டேன்."

வேலை மேடத்துக்குப் போயிற்று. "விடுங்க சார், பொறாமை யாரைத்தான் விட்டுச்சு" என்று ஆறுதல் வேறு சொன்னார்.

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவரை வாசலில் மறித்தார் கூண்டு கழுவும் அக்கா.

"நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டேன் சார். நீங்க மூடியை மாத்தல, சரியா வச்சீங்க. மொத நாளே மாத்தினது அந்தம்மா."