அசையாத கேமராவின் மேதை

“என் முகம் எப்பத்தான் தெரியும், நெவில்?”

“அடுத்த ஷாட்ல, மார்ஜரி.”

பிரிட்டிஷ் திரையுலகின் மகத்தான கலைக்கொள்கை, முப்பத்தொரு வருடங்களுக்கு முன் லீட்ஸ் நகரத்து வாடகைச் சமையலறை ஒன்றில் நடந்த இந்த உரையாடலில்தான் பிறந்தது. முதல் படத்தின் முதல் நாள். இயக்குநர் நெவில் ஹேதர்செட்டின் புது மனைவி மார்ஜரிதான் கதாநாயகி. கேமராவிலிருந்து பார்த்தால் அலமாரிக் கதவு அவள் முகத்தை முழுசாக மறைத்தது. ஓரடி நகர்த்தினால் போதும். ஆனால் ஒளிப்பதிவாளர் ரெஜ் பிக்கர்ஸ் கேமராவை நிறுத்திவிட்டுத் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்துவிட்டார். தேநீர் குடிக்கும் மனிதரை எழுப்புவது ஒரு கனவான் செய்யும் காரியமா?

நெவில் ஊர் வழக்கப்படி சுற்றி வளைத்துக் கேட்டார். “பிரமாதம், ரெஜ். இடது பக்கத்துல இருந்து எப்படி இருக்கும்னு சும்மா ஒரு யோசனை.”

ரெஜ் யோசித்தார். “அங்கேயிருந்தும் நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லி, இன்னொரு பிஸ்கட்டை நனைத்தார்.

படம் வெளியானது. முகம் தெரியாத நாயகியை விமர்சகர்கள் ‘உழைக்கும் பெண்ணின் அடையாளமின்மை’ என்றார்கள். அசையாத கேமரா ‘அறம்’ ஆயிற்று. பல்கலைக்கழகங்கள் கருத்தரங்கு நடத்தின. நெவில் அடக்கமாகத் தலையசைத்தார். பிறகு மேடையேறி இரண்டு மணி நேரம் அதை விளக்கவும் செய்தார். அடுத்த பத்துப் படங்களில் மார்ஜரி கதவுக்கும் தூணுக்கும், ஒருமுறை பசுமாட்டுக்கும் பின்னால் நின்று நடித்தாள். அவள் அம்மா கடைசிவரை மகளைத் திரையில் தேடிக்கொண்டே கண்ணை மூடினாள்.

இன்று பன்னிரண்டாவது படம். இதற்குப் பிறகு நடிப்பதில்லை என்று மார்ஜரி சொல்லிவிட்டாள். அவளுடைய கடைசிக் காட்சிக்குக் குறுக்கே நின்றது ஒரு குளிர்சாதனப் பெட்டி. இன்று கேட்டே தீருவதென்று நெவில் குளியலறைக் கண்ணாடி முன் நாலு தடவை ஒத்திகை பார்த்திருந்தார். ரெஜ்ஜை நெருங்கினார். தொண்டையைச் செருமினார். ரெஜ் கோப்பையிலிருந்து தலைதூக்கிப் பார்த்தார்.

“அற்புதம், ரெஜ்” என்றார் நெவில்.

பெட்டிக்குப் பின்னாலிருந்து மார்ஜரியின் குரல் நிதானமாக வந்தது.

“ரெஜ், கேமராவ ஒரு அடி இடது பக்கம் தள்ளி வைங்க. அது கலையெல்லாம் இல்ல. முப்பத்தொரு வருஷமா இவருக்கு உங்ககிட்ட கேக்க பயம்.”