காத்திருப்பு இருப்பாகாது

மனித குலத்துக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்கத் துறவிகள் முயன்று தோற்றார்கள். ஞானிகளும் முயன்று தோற்றார்கள். கடைசியில் அந்தப் பொறுப்பை எங்கள் நாட்டின் குடியேற்ற அலுவலகம் ஏற்றுக்கொண்டு, இன்றளவும் வெற்றிகரமாக நடத்திவருகிறது. 'எங்கள் நாடு' என்று நான் எழுதுவது சட்டப்படி சரியா என்று தெரியவில்லை. நாடு உறுதி; 'எங்கள்' மட்டும் பரிசீலனையில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் 'முதன்மை விண்ணப்பதாரர்' என் மனைவி. நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ஓட்டுநர்களுக்குப் பஞ்சம் வந்தபோது இந்த நாடே விளம்பரம் கொடுத்து அவளை வரவழைத்தது. கூடவே வந்த என்னை விண்ணப்பத்தில் 'சார்ந்திருப்பவர்' என்று குறித்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து நிலைமை அதுதான் என்றாலும், ஓர் அரசாங்கம் அதை எழுத்தில் ஒப்புக்கொண்டது அப்போதுதான். ஊரில் நான் ஓர் அரசு அலுவலகத்தின் ஆவண அறையில் இருந்தவன். முத்திரை குத்திய காகிதத்தைக் கண்டால் என் கை தானாகக் குவியும். இங்கே ஒரு கிடங்கில் பொட்டலங்களைப் பிரித்து அடுக்குகிறேன். அவற்றிலும் முத்திரை உண்டு என்பது ஓர் ஆறுதல்.

நிரந்தரக் குடியிருப்புக்கு, அதாவது பி.ஆருக்கு, விண்ணப்பித்த நாள் முதல் காலையில் எழுந்ததும் அலுவலகத்தின் இணையதளத்தைத் தரிசிப்பது என் வழக்கமாயிற்று. 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்று அது அருள்பாலிக்கும். முதல் ஆண்டு முழுவதும் அதே வாக்கியம். மனிதர்கள் பேச்சு மாறுவார்கள், இணையதளம் மாறாது. இரண்டாம் ஆண்டில் ஒருநாள், 'உங்கள் விண்ணப்பம் தொடர்ந்து பரிசீலனையில் உள்ளது' என்றிருந்தது. நான் கேக் வாங்கி வந்தேன்.

வேலை முடிந்து வந்த மனைவி மேசையைப் பார்த்துவிட்டு, "வந்துருச்சா?" என்று கேட்டாள்.

"ஒரு வார்த்தை கூடியிருக்கு," என்றேன்.

அவள் கேக்கைத் தொடவில்லை. சீருடையைக்கூடக் கழற்றாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். முன்னேற்றத்தை உணர எல்லாருக்கும் கொடுத்துவைத்திருப்பதில்லை.

என் மாமனார், அதாவது அவளுடைய அப்பா, சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் கூப்பிடுவார். ஏதோ வீட்டுமனை ஒதுக்கீடு மாதிரி, "அந்த நாடு உங்களுக்குக் கிடைச்சிருச்சா மாப்பிள்ளை?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இன்னும் இல்லை என்றால் சிரிப்பார். நிலக்கரி ஏற்றின வண்டியை ஊருக்கு வெளியே சிக்னலில் நிறுத்திவைத்தாலும், பொழுது சாய்வதற்குள் உள்ளே விட்டுவிடுவார்களாம். நிலக்கரிக்கு இருக்கிற மரியாதை எங்களுக்கு இல்லையாம். இரண்டு மூன்று வருடமாக மகளை நேரில் பார்க்காத மனிதர் அப்படித்தான் பேசுவார் என்று நான் பொறுத்துக்கொள்வேன்.

இதற்கிடையே அலுவலகம் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு 'விழிப்புணர்வு அமர்வு' நடத்தியது. பெரிய கூடம், குளிரூட்டப்பட்ட காற்று, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். அதன் மேல் 'உங்கள் பயணத்தில் நாங்கள் உங்களோடு' என்று அச்சிட்டிருந்தது. பயணம் போனால் விண்ணப்பம் ரத்தாகும் என்பதுதான் அன்றைய தலைப்பு. காதருகே ஒலிவாங்கி மாட்டிய அதிகாரி ஒருவர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி விளக்கினார். வருவது வேறு, தங்குவது வேறு, வசிப்பது வேறு. குடியுரிமை வேண்டுமென்றால் நாட்டில் இத்தனை நாள் 'இருந்திருக்க' வேண்டும். பி.ஆர். வந்த பிறகு இருக்கும் நாள்தான் முழு நாள். அதற்காகக் காத்திருந்த காலத்தில் ஒவ்வொரு நாளும் அரை நாள்.

என் மனைவி கையைத் தூக்கினாள். "நான் தினமும் விடியக்காலைல பஸ்ஸை எடுத்தா சாயங்காலம்தான் இறங்குறேன். அது அரை நாளா?"

"வேலையில முழு நாள். இருப்புல அரை நாள்," என்றார் அதிகாரி கனிவாக.

"மீதி அரை நாள் நான் எங்கே இருந்தேன்?"

"காத்திருந்தீங்க," என்றார் அவர். "காத்திருப்பு வேற, இருப்பு வேற."

நான் மட்டும் கைதட்டினேன். தமிழில் இரண்டு சொற்களும் ஒட்டிப் பிறந்தவை என்பதால் நாம் இத்தனை காலம் ஏமாந்திருக்கிறோம். ஓர் அரசாங்கம் வந்து அறுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

அந்த ஆண்டின் கடைசியில் மாமனார் படுத்துவிட்டார். நுரையீரலில் கோளாறு என்றும், அதிக நாள் தாங்காது என்றும் மருத்துவர் சொல்லிவிட்டதாக மைத்துனன் கூப்பிட்டான். மனைவி அரை மணி நேரத்தில் டிப்போவில் விடுப்பு வாங்கினாள். காரணம் என்ற இடத்தில் 'வெளிநாட்டுப் பயணம், தந்தை கவலைக்கிடம்' என்று எழுதிக் கொடுத்தாள். விமானச் சீட்டும் எடுத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் எங்கள் குடியேற்ற ஆலோசகருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனோம்.

ஆலோசகரை எங்கள் வட்டாரத்தில் 'மூணு வாரம்' என்று சொல்வார்கள். எதைக் கேட்டாலும் மூன்று வாரத்தில் வந்துவிடும் என்பார். அன்று அவர் வாரக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. எங்கள் பழைய விசா முடிந்து, பி.ஆர். முடிவாகும் வரை இங்கே இருக்க ஓர் இடைக்கால அனுமதி மட்டும்தான் இருக்கிறது என்று நினைவூட்டினார்.

"நீங்க போகலாம்," என்றார். "தாராளமா போகலாம். சட்டம் யாரையும் தடுக்கல. திரும்பி வர்றதைப் பத்தித்தான் சட்டம் ஒண்ணும் சொல்லல."

போய்த் திரும்ப வேண்டுமென்றால் 'சிறப்புப் பயண அனுமதி' கேட்கலாமாம். நியாயமான கால அவகாசத்தில் பதில் வரும். எது நியாயம் என்று மனைவி கேட்டாள். அதை அலுவலகம்தான் தீர்மானிக்கும் என்றார் அவர். அன்றைக்கே விண்ணப்பித்தோம்.

அனுமதி வராமல் விமானம் கிளம்பிப் போயிற்று. அனுமதியாவது மண்ணாவது, அடுத்த விமானத்தில் ஏறிவிடுகிறேன் என்று அவள் பெட்டியை மூடினாள். அப்போது மாமனாரே கூப்பிட்டார். பாதி மூச்சில்தான் பேச முடிந்தது.

"வராதம்மா," என்றார். "சிக்னல் விழாம வண்டியை எடுக்கக் கூடாது."

"அப்பா, இது ரயில் இல்லப்பா."

"எல்லாம் ஒண்ணுதான். நீ அங்கேயே நில்லு. நான் வேணா கொஞ்சம் பொறுத்துப் பார்க்கறேன்."

விடுப்பை ரத்து செய்துவிட்டு அவள் பேருந்துக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் வண்டி ஓட்டும்போது கைப்பேசியைத் தொடக்கூடாது என்பது விதி. ஆகவே வீட்டிலேயே, சமையலறையில், பேசியை எதிரே நிறுத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே சாலைக்கு அந்தப் பக்கம் டிப்போ. பேருந்துகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. நான் கடைக்குப் போய்வந்தேன், கிடங்குக்குப் போய்வந்தேன். அவள் அந்த நாற்காலியை விட்டு அதிகம் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. ஒருநாள் காலை, நான் தேநீர் போட்டுக்கொண்டிருக்கும்போது, பேசியின் அந்தப் பக்கத்தில் அழுகை கேட்டது.

மாமனார் பொறுத்துப் பார்த்தார். அலுவலகத்தின் அளவுக்கு அவருக்குப் பயிற்சி போதவில்லை.

அடுத்த மாதம் சிறப்புப் பயண அனுமதி வந்தது. நல்ல தடித்த காகிதம், இரண்டு முத்திரைகள். மனிதாபிமான அடிப்படையில் அனுமதி வழங்கப்படுவதாகவும், விண்ணப்பதாரர் தம் தந்தையாரை நலமுடன் சந்தித்துத் திரும்ப அலுவலகம் வாழ்த்துவதாகவும் அதில் இருந்தது. எந்த நாட்டு அலுவலகம் இப்படி வாழ்த்துகிறது? நான் அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்டேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

பி.ஆர். அதற்குப் பிறகு வந்தது. அட்டையின் முன்பக்கத்தில் 'நிரந்தரம்' என்றும் பின்பக்கத்தில் காலாவதியாகும் தேதியும் போட்டிருந்தது. நிலையாமையைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக எந்த மகானும் சொன்னதில்லை. அதை எடுத்துக்கொண்டு அவள் ஊருக்குப் போனாள். அம்மாவோடு சில நாள் இருந்துவிட்டு, திரும்பும்போது விமான நிலையத்தில் ஒரு முத்திரை வாங்கி வந்தாள். பிறகு ஆண்டுகள் ஓடின. முழு நாள்கள் சேர்ந்தன. அரை நாள்கள் ஜோடி சேர்ந்து முழு நாள்களாயின. கூட்டிக் கழித்துப் பார்த்து, போதும் என்று தெரிந்ததும் அவள் குடியுரிமைக்கு விண்ணப்பித்தாள்.

நேர்காணலுக்குச் சார்ந்திருப்பவன் என்ற முறையில் நானும் போனேன். சின்ன அறை, மேசைமேல் ஒரு கணினித் திரை. எதிரே இளம் பெண் அதிகாரி. மிகவும் மரியாதையானவர், குறை சொல்லவே முடியாது. விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, கணக்கில் கொஞ்சம் நாள் குறைகிறது என்றார்.

எந்த நாள் என்று பார்த்தால், மாமனார் கிடந்த நாள்கள். பேருந்து நிறுவனத்தின் பதிவேட்டில் 'வெளிநாட்டுப் பயணம்' என்று இருந்தது. விமானச் சீட்டு எடுத்ததற்குப் பதிவு இருந்தது. போதாததற்கு, அலுவலகமே பயண அனுமதி வழங்கியிருந்தது. ஆகவே விண்ணப்பதாரர் பயணம் போயிருக்கிறார் என்பது 'பதிவுகளின்படி தெளிவு'.

"நான் போகலையே," என்றாள் மனைவி.

"போகலைங்கிறதுக்கு ஆதாரம் இருக்கா?"

"போயிருந்தா திரும்பி வந்த முத்திரை இருக்கணும் இல்லையா? அந்தச் சமயத்துல பாஸ்போர்ட்ல ஒண்ணும் இல்ல, பாருங்க."

"முத்திரை இருந்தா நீங்க வந்தீங்கன்னு அர்த்தம். முத்திரை இல்லைன்னா, முத்திரை இல்லைன்னுதான் அர்த்தம்," என்றார் அதிகாரி.

அவ்வப்போது வெளியூர் போய்வருகிறவன், வந்த முத்திரையைக் காட்டித் தான் இங்கே இருப்பதை நிரூபித்துவிடலாம். அசையாமல் உட்கார்ந்திருப்பவள் எதைக் காட்டுவாள்? நான் எழுந்து, அந்த நாள்களில் இவள் வீட்டில்தான் இருந்தாள், நானே கண்ணால் பார்த்தேன் என்று சாட்சி சொன்னேன். சார்ந்திருப்பவரின் சாட்சி சார்புடையது என்று அதிகாரி வருத்தத்தோடு தெரிவித்தார். கடை ரசீதுகள் என் வங்கி அட்டையில் இருந்தன, அவள் பெயரில் ஒன்றும் இல்லை. அப்போது கீழ்வீட்டில் இருந்தவர் எங்கோ மாறிப் போய்விட்டார். இந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, குறையும் நாள்களை இன்னொரு முறை இருந்து முடித்துவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று அதிகாரி யோசனை சொன்னார். வரிசை கொஞ்சம் நீளம்தான்.

மனைவி தன் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு, ஒரு வீடியோ இருக்கிறது, பரவாயில்லையா என்று கேட்டாள்.

மாமனாரை எடுத்துக்கொண்டு போன அன்று மைத்துனன் ஆள் வைத்துப் பதிவு செய்திருந்தான். அதை அவளுக்கு அனுப்பியும் இருந்தான். அவள் அதை ஒருநாளும் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இப்போது அதிகாரி அதைத் தம் திரையில் ஓடவிட்டார். முற்றத்தில் கூட்டம். நடுவில் மாமனார் கிடந்தார். பக்கத்தில் மாமியார். மைத்துனன் ஒரு கைப்பேசியை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்திருந்தான். அந்தச் சின்னச் சதுரத்துக்குள் என் மனைவி.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா?" என்று கேட்டாள்.

அதிகாரி உடனே குறைத்தார். பிறகு படத்தை நிறுத்தி, அந்தச் சதுரத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். மனைவியின் முகம் திரையை விட்டு விலகிப் போயிற்று. அவள் தோளுக்குப் பின்னால் ஜன்னல் வந்தது. ஜன்னலில் டிப்போவின் வாசல், அதில் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பேருந்து.

"இது நம்ம ஊர் பஸ்தான்," என்றார் அதிகாரி. அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் தெரிந்தது. "நீங்க இங்கேதான் இருந்திருக்கீங்க."

ஆனால் இது ஒருநாள் கணக்குதானே, விடுப்பு முழுவதற்கும் செல்லுமா என்று நான் கவலைப்பட்டேன். ஆவண அறை புத்தி. அதிகாரி ஒரு கணம் யோசித்துவிட்டு, அதையும் எங்களுக்குச் சாதகமாகவே தீர்த்துவைத்தார்.

"அப்பா சாவுக்கே போகாதவங்க, அதுக்கு முன்னாலயோ பின்னாலயோ போயிருக்க வாய்ப்பில்ல," என்றார். "எல்லா நாளையும் ஏத்துக்கறேன். இவ்வளவு பலமான ஆதாரம் எல்லாருக்கும் அமையாதுங்க."

மனைவி நன்றி சொன்னாள். நானும் சொன்னேன். அதிகாரி ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் மாமனார் மறைந்து, அந்த இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி வந்தது.

இனி ஒரே ஒரு கேள்விதான் பாக்கி என்றார் அதிகாரி. 'இந்நாட்டின் குடியுரிமையை ஏன் விரும்புகிறீர்கள்?' சும்மா ஒரு சம்பிரதாயம். பெரும்பாலும் எல்லாரும் இந்த நாட்டை நேசிக்கிறேன் என்றுதான் சொல்வார்கள், அப்படியே போட்டுக்கொள்ளட்டுமா என்றும் கேட்டார்.

"எங்கம்மா இன்னும் இருக்காங்க," என்றாள் மனைவி.

அதிகாரிக்கு அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. விசைப்பலகையின் மேல் விரல்களை வைத்துக்கொண்டு, உதவி கேட்பது போல என்னைப் பார்த்தார். ஓர் அலுவலகம் என்னிடம் உதவி கேட்டு எத்தனை காலமாகிவிட்டது. நான் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, முறைப்படி, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவரும் ஒரு சொல் விடாமல் பதிவு செய்துகொண்டார்:

"விண்ணப்பதாரரின் தாயார் உயிருடன் உள்ளார். இதே போன்ற இன்னோர் ஆதாரத்தை இந்த அரசுக்கு வழங்க விண்ணப்பதாரருக்கு விருப்பமில்லை."