முல்லே எடுத்த புள்ளி

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசிவரை வாசித்துவிட்டு, "பாவம், மனிசி ஒருமாதிரித் திருந்திவிட்டா" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், ஆறுதலாகத்தான் வரும். அவசரக்காரர் வேறு யாருடைய கதையையாவது வாசிக்கலாம்.

என் மகன் சுதன் இங்கே டென்மார்க்கில், ஹேர்னிங்கில், காற்றாலைக் கொம்பனி ஒன்றில் வேலை செய்கிறான். அங்கே கூட வேலை செய்த மணிப்பூர்ப் பிள்ளையைக் கலியாணம் செய்தான். பெயர் லின்தோய். மெய்தெய் சனம். (கலியாணத்துக்கு முதல் நான் ஒரு கிழமை சாப்பிடாமல் கிடந்தேன். பகலில் மட்டும்.) பிள்ளை வந்த பிறகுதான் தெரிந்தது, பிடிவாதத்தில் அவள் எனக்குப் பிறந்திருக்க வேண்டியவள் என்று. எங்களுடைய தமிழைக் காதால் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டாள். என்னை மாமி என்று கூப்பிட மாட்டாள். இமா என்பாள். அவர்களுடைய மொழியில் அம்மா.

ஒருநாள் கோயிலில் சாப்பாட்டுப் பந்தியில் தங்கமணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னோடு தையல் பக்டரியில் வேலை செய்தவள். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் பாயசத்துக்கு முதல் ஏதோ ஒன்று வரும்.

"புவனேசக்கா, உங்கட மருமகள் குதிரை ஓடுறாவாம். குதிரைக்காரி எண்டு சொல்லுகினம்."

"ஆர் சொல்லுகினம்?"

"சனம்."

(சனம் என்றால் தங்கமணிதான்.)

"ஓம், குதிரைக்காரிதான். அவளின்ர ஊரில ராசாவே குதிரையில ஏறித்தான் பந்தடிச்சவர். உன்ர மருமகன் எதில ஏறுறவர்?"

"அவர் பஸ் ஓடுறவர் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே அக்கா."

"பஸ்ஸில நானும் ஏறுவன்."

"குதிரையில பந்தடிக்கிறது வெள்ளைக்காரன்ர விளையாட்டெல்லோ? போலோ எண்டு?"

"வெள்ளைக்காரன் அவையளிட்டப் பாத்துப் பழகிக்கொண்டு போனது. போனவன் பேரையும் மாத்திப்போட்டான். வாற ஞாயிற்றுக்கிழமை வந்து பார். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா. நான்தான் பந்து போடப்போறன்."

கடைசி வசனம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. வாய் முந்திவிட்டது. ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

அந்த விளையாட்டுக்கு சகோல் காங்ஜெய் என்று பெயர். சகோல் என்றால் குதிரை. குதிரையில் இருந்தபடி, முனை வளைந்த பிரம்புத் தடியால் பந்தை அடிப்பது. பந்து மூங்கில் வேரில் கடைந்தது. கம்பம் வலை ஒன்றும் கிடையாது. எதிராளியின் பக்கத்துக் கடைசிக் கோட்டைப் பந்து தாண்டினால் ஒரு புள்ளி. அவர்களுக்குக் குதிரைக்கென்றே ஒரு சாமியும் உண்டு, மார்ஜிங் என்று பெயர். சிறகு வைத்த குதிரை அவருக்கு. மணிப்பூர்க் குதிரை குள்ளமானது. மேய்ச்சல் நிலமெல்லாம் வீடாகிப் போனதில் அந்தச் சாதியே குறைந்துகொண்டு போகிறதாம். இதைச் சொல்லும்போதெல்லாம் லின்தோய் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. வருசத்தில் ஒருநாள், கோடையில், அந்த விளையாட்டு இங்கேயும் நடக்க வேண்டும். கொப்பன்ஹேகனிலும் சுவீடனிலும் இருக்கிற மெய்தெய்ப் பிள்ளைகள் சிலர் வர ஆயத்தம். குதிரைக்குத்தான் எங்கே போவது?

ஹேர்னிங்குக்கு வெளியே பிர்கிட் என்றொரு டெனிஷ்காரி குதிரை ஓடப் பழக்குகிறா. அவவிடம் நிற்பது ஐஸ்லாந்துக் குதிரைகள். அதுகளும் குள்ளம், நெற்றி மயிர் கண்ணை மூடும், குணத்தில் கொஞ்சம் மாமியார்கள். லின்தோய் நடையாய் நடந்து கேட்டதில் பிர்கிட் ஒரு சொல் சொன்னா: "ஒருநாள் தருகிறேன். கலாட்டா இல்லாமல் முடிந்தால் ஒவ்வொரு கோடைக்கும் தருகிறேன். ஏதாவது நடந்தால் இனிமேல் கேட்கக் கூடாது."

ஆக, என் மருமகளின் ஆசை முழுவதும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பந்து போடப்போகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டதை அவளிடம் சொன்னேன். கோபிப்பாள் என்று பார்த்தேன். "நல்லது இமா. எங்கட ஊரிலயும் ஒராள் நடுவில பந்தை எறிஞ்சுதான் தொடங்குறது. நீங்கள் எறிஞ்ச உடன நாங்கள் ஓடுவம்" என்றாள். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்திருங்கள். நீங்கள் எறிஞ்ச உடன.

பந்து பட்டுக் குதிரையின் கண் பழுதாகாமல் இருக்க, அவர்கள் ஊரில் முகத்திலும் தோளிலும் பெரிய குஞ்சங்கள் கட்டுவார்களாம். அதையெல்லாம் நான்தான் சிவப்புக் கம்பளி நூலில் கட்டிக் கொடுத்தேன். கட்டியபின் அந்தக் குதிரைகளைப் பார்த்தால் கலியாணப் பொம்பிளைகள் தோற்றுப்போவார்கள்.

ஞாயிறு வந்தது. நான் மாம்பழ நிறப் பட்டுச்சீலை கட்டினேன். உள்ளே கம்பளிக் களிசான், கால் முழுக்க மூடுகிறது. (டென்மார்க்குக்கு வந்த முதல் குளிரில் தொடங்கிய பழக்கம், கோடையிலும் விடவில்லை. எங்கள் யூலண்டுப் பக்கத்துக் காற்றுக்கு மாதம் தெரியாது.) சட்டைக்கு மேலே, சீலைக்கு உள்ளே, சுவெற்றர். பந்தை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். வீட்டுத் திறப்பையும் சில்லறையையும் முடிந்து பழகிய முந்தானை, பந்துக்கு மட்டும் வேறு இடம் தேடவா முடியும்? கண்ணூறுக்கு ஒரு தேசிக்காயையும் அதே முடிச்சில் போட்டுக் கட்டினேன்.

மைதானத்தில் தங்கமணி கோயில் பெண்கள் பாதிப் பேரோடு முன்வரிசையில் இருந்தாள். மடியில் பலகாரப் பெட்டி. தேருக்கு வந்ததுபோல.

குதிரைகள் வரிசையாக நின்றன. புதுக் கார் எடுத்தால் நாங்கள் என்ன செய்வோம்? சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைப்போம், கற்பூரம் காட்டுவோம், தேங்காய் அடிப்போம். காருக்கே செய்கிறோம், உயிருள்ள குதிரைக்குச் செய்யாமல் விடுவதா? நான் பையைத் திறந்தேன்.

சுதன் ஓடி வந்தான். "அம்மா, என்ன செய்யிறியள்?"

"தள்ளி நில்லு."

ஒவ்வொரு குளம்புக்கும் முன்னால் ஒவ்வொரு தேசிக்காயாக வைத்துக்கொண்டு போனேன். காரென்றால் முன்னுக்கு ஓடி நசித்துவிட்டுப் போகும். குதிரை குனிந்து மணந்து பார்க்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. முல்லே என்ற கபில நிறக் குதிரையில், லின்தோய் பக்கத்து ஆளாக, பிர்கிட்டே இருந்தா. முல்லே தன் பங்கை வாயில் எடுத்துக் கடித்தது. மேலுதடு மூக்குக்கு மேலே சுருண்டு போய்ப் பல்லெல்லாம் தெரிந்தது. துப்பியது. யோசித்தது. பிறகு பக்கத்துக் குதிரையின் தேசிக்காயையும் எடுத்துத் தின்றது. சனம் சிரித்தது. பிர்கிட் சிரிக்கவில்லை.

கற்பூரத்தை எடுத்தபோது, "நெருப்பு வேண்டாம்! வைக்கோல்!" என்று கத்தினா. சரி, நியாயம். கற்பூரத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். நான் விட்டுக்கொடுக்காதவள் என்று சொல்லுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவும்.

மிஞ்சியது தேங்காய். நடுவுக்குப் போனேன். தலைக்கு மேலே தூக்கினேன். பிள்ளையாரை நினைத்து, என் பலம் முழுவதையும் சேர்த்து நிலத்தில் அடித்தேன்.

ஊரிலே கோயில் வாசலில் கல் இருக்கும். இங்கே புல். புல்லுக்குக் கீழே மெத்தை மாதிரி மண். தேங்காய் உடையவில்லை. "தொப்" என்று விழுந்து, எழும்பி, உருண்டு, குதிரைகளுக்கு முன்னால் போய் நின்றது.

நீங்கள் எறிஞ்ச உடன நாங்கள் ஓடுவம்.

ஓடினார்கள். குதிரையில் இருந்தவர்கள் கண்டது இவ்வளவுதான்: பெரிய மனிசி எறிந்தா, உருண்டையாக ஒன்று உருண்டு வந்தது. இரண்டு பக்கத்தாரும் தடியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்கள்.

நான் வெளியே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. உடையாத தேங்காயை அப்படியே விட்டுவிட்டு எந்த யாழ்ப்பாணத்து மனிசி போவாள்? அபசகுனம் என் மருமகளுக்கல்லவா வரும்! "நில்லுங்கோ! இன்னும் உடையேல்லை!" என்று கத்திக்கொண்டு தேங்காய்க்குப் பின்னால் ஓடினேன். குதிரைகளும் நானும் ஒரே தேங்காய்க்கு ஓடினோம்.

முதல் அடி சுவீடன் பொடியனுடையது. அவனுடைய தடிதான் முறிந்தது. இரண்டாவது அடி லின்தோய். பக்கவாட்டில் சாய்ந்து ஒரு வீச்சு! தேங்காய் சிதறியது. தேங்காய்த் தண்ணீர் கோயில் பெண்கள் வரை தெறித்தது.

"உடைஞ்சிட்டுது!" என்று நான் கைதட்டிக் குதித்தேன். மைதானத்தில் அந்த நேரம் சந்தோசமாக இருந்தது நான் ஒருத்திதான்.

ஏனென்றால் பாய்ந்து வந்த முல்லே, சிதறிக் கிடந்த தேங்காய்த் துண்டுகளை, அந்தச் சொட்டைக் கண்டதும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அது நின்றது. பிர்கிட் நிற்கவில்லை. கழுத்துக்கு மேலால் பறந்துபோய்ப் புல்லில் விழுந்தா.

சொட்டைத் தின்று முடித்த முல்லே தலையை நிமிர்த்தி மூக்கை விரித்தது. தேசிக்காய் வாசம். நேரே என்னிடம் வந்து, இடுப்பில் செருகியிருந்த முடிச்சை வாயால் கவ்வியது. நான் இழுத்தேன். அது இழுத்தது. தங்கமணி, "ஐயோ, அக்காவைக் குதிரை தின்னுது!" என்று போட்ட கூச்சலில் முல்லே வெருண்டு ஓடத் தொடங்கியது.

பட்டுச்சீலை எவ்வளவு நீளம் என்று உடுத்துகிறவர்களுக்குத் தெரியும். நான் பம்பரம்போலச் சுற்றினேன். தோளில் குத்தியிருந்த ஊசி தெறித்தது. சுற்றி முடிந்து பார்த்தபோது, களிசானோடும் சுவெற்றரோடும் மைதானத்தின் நடுவில் நிற்கிறேன். முல்லே, மாம்பழ நிறக் கொடியைப் பறக்கவிட்டுக்கொண்டு எதிராளிப் பக்கத்துக் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

டெனிஷ் சனம் மற்றவருக்குத் துன்பம் வந்தால் சிரிக்காது, கோப்பியைப் பார்க்கும். எல்லாரும் கோப்பியைப் பார்த்தார்கள். தங்கமணி மட்டும் எழும்பி ஓடி வந்து தன்னுடைய சால்வையை என் தோளில் போட்டாள். பலகாரப் பெட்டி கவிழ்ந்ததைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

பிர்கிட் எழும்பி நொண்டி நொண்டிப் போய் முதலில் முல்லேயின் வாயைத் திறந்து பார்த்தா. பிறகுதான் தன் முழங்காலைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. லின்தோய் குதிரையை விட்டு இறங்கி நின்றாள்.

சுதன் என் காதுக்குள், "அம்மா, மன்னிப்புக் கேளுங்கோ. எல்லாம் நாசமாப் போச்சு" என்றான்.

"கேக்க மாட்டன். கோயில் தேருக்கும் தேங்காய் அடிச்சுத்தான் வெளிக்கிடுறது. நான் குதிரைக்கு மரியாதை செய்தனான். கல் வைக்காதது ஆர்?"

அவன் பிர்கிட்டிடம் திரும்பி நீளமாக டெனிஷில் சொன்னான். அதற்குள் "உன்ஸ்கூல்" என்ற சொல் என் காதில் விழுந்தது. மன்னிக்கவும் என்று அர்த்தம். பக்டரியில் டெனிஷ் பெண்களோடு இருந்து வேலை செய்தவளுக்கு அந்தச் சொல் தெரியாதா?

"நை," என்றேன் பிர்கிட்டைப் பார்த்து. "இக்க உன்ஸ்கூல்." மன்னிப்பு இல்லை.

சுதன் கண்ணை மூடிக்கொண்டான்.

நான் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்த சீலையைக் காட்டி லின்தோயிடம் சொன்னேன், "பிள்ளை, பந்து அந்த முடிச்சுக்குள்ள கிடக்கு. கோட்டைத் தாண்டிட்டுது. உன்ர பக்கத்துக்கு ஒரு புள்ளி."

அந்த நிலைமையில் வேறு யாராக இருந்தாலும் ஓம் என்று தலையாட்டியிருப்பார்கள். அவள் நிமிர்ந்தாள். "இல்லை இமா. புள்ளி இல்லை. பந்தைக் கையில பிடிக்கலாம், ஆனால் கோட்டைத் தாண்டுறதுக்குத் தடியாலதான் அடிக்கவேணும்."

"கையால ஒருத்தரும் தூக்கேல்லையே. குதிரைதானே கொண்டுபோனது!"

"குதிரை வாயால கொண்டுபோறதுக்குச் சட்டம் இல்லை."

"கொண்டுபோகக்கூடாது எண்டு சட்டம் இருக்கோ?"

"இமா, இது ராசாக்கள் ஆடின விளையாட்டு!"

"ராசாக்களிட்ட முல்லே இருக்கேல்லை!"

நான் களிசானோடு ஒரு பக்கம், அவள் ஆட்டத்துக்குக் கட்டிய தலைப்பாகையோடு ஒரு பக்கம். இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை. என்ன கதைக்கிறார்கள் என்று பிர்கிட் கேட்டா. சுதன் விளங்கப்படுத்தினான், இந்த முறை ஒழுங்காக. பிர்கிட்டின் வாய்க் கரை முதலில் அசைந்தது. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்து சிரித்தா. அந்த மனிசி சிரித்து அன்றுதான் கண்டேன்.

"இதை இன்றைக்கு முடிக்க முடியாது," என்றா. "அடுத்த கோடை திரும்பவும் ஆடுங்கள். ஆனால் அந்த மூலையில் ஒரு கல் போடுகிறேன். உருண்டையாக ஏதாவது எறிவதென்றால் அங்கே."

லின்தோய் என்னைக் கட்டிப்பிடித்தாள். "புள்ளி இல்லை" என்று என் காதுக்குள் சொல்லிக்கொண்டே கட்டிப்பிடித்தாள்.

இப்போது ஒவ்வொரு கோடையும் ஆட்டம் நடக்கிறது. மூலையில் கருங்கல் இருக்கிறது. நான் தேங்காய் அடிக்கிறேன், முதல் சொட்டு முல்லேக்கு. தேசிக்காய் வைப்பதை விடவில்லை. அந்தப் புள்ளி சேருமா சேராதா என்று வீட்டில் இன்னும் முடிவில்லை. விருந்தாள் யார் வந்தாலும் சோறு போடுவதற்கு முதல் நானும் லின்தோயும் அவர்களிடம் தீர்ப்புக் கேட்போம். சுதன் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவான்.

லின்தோயை இப்போது யாரும் குதிரைக்காரி என்று சொல்வதில்லை. அந்தப் பேர் என்னிடம் வந்துவிட்டது. ஹொல்ஸ்டெப்ரோவில், ஹ்விடோவ்ரேயில், என் முகம் தெரியாத தமிழ்ச் சனத்துக்கும் தெரியும். நானே வாயால் தேடிக்கொண்ட பேர்தானே, வைத்திருக்கிறேன்.

போன கிழமை ரெலிபோன் அடித்தது. தங்கமணி.

"ஆர், குதிரைக்காரி அக்காவோ?"

"ஓம், அவதான் கதைக்கிறன். முதல் நீ சொல்லு, அது புள்ளியோ இல்லையோ?"