டிக்டிக் டீச்சரின் ‘போயிட்டு வரேன்’

ஒரு தமிழன் ‘போயிட்டு வரேன்’ என்று சொன்ன பிறகு உண்மையிலேயே போவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தவர், மலாக்கா மாநிலத்திலேயே எங்கள் டிக்டிக் டீச்சர் ஒருவர்தான். ரெம்பியாவிலிருந்து வரும் என் மச்சானுக்கு முப்பத்தொரு நிமிடம். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

டீச்சருக்கு ஒழுங்கான பெயர் உண்டு. ஆனால் கூட்டத்தில் தலை எண்ணுவதற்கு ஒரு கருவி இருக்குமே, கட்டைவிரலால் அழுத்தினால் ‘டிக்’ என்று ஓர் எண் ஏறும், அது எப்போதும் அவர் கையில் இருக்கும். அதனால் பாயா ரும்புட்டில் எங்கள் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அவர் டிக்டிக் டீச்சர்.

அவர் வந்தது என் மகள் கவிதாவுக்காக. தொண்ணூறுகளின் நடுவில் அவளுக்கு ஐந்து வயது. பேச்சு வரவில்லை. வீட்டில் யாராவது எழுந்து நின்றால் போதும், வீறிட்டு அலறுவாள். டாக்டர் ‘ஆட்டிசம்’ என்றார். எங்களுக்குப் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தோம். இப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டுக்கே வந்து பழக்கும் டீச்சரை அவர்தான் அனுப்பி வைத்தார்.

நான் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் ஒரு குத்தகைக்காரரிடம் வெல்டர். காலையில் முச்சந்திக்கு வேன் வரும். கவிதா கண்ணில் பட்டால் கிளம்ப முடியாது, காலைக் கட்டிக்கொண்டு கதறுவாள். ஆகவே பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்கதவு வழியாகச் சாக்கடையைத் தாண்டி, சொந்த வீட்டிலிருந்தே திருடன் மாதிரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்படியும் கண்டுபிடித்துவிடுவாள். அந்த மாதம் நான்கு முறை வேனை விட்டேன்.

“இன்னொரு தடவ லேட்டா வந்தா, அப்புறம் வரவே வேணாம்லா” என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

என் மனைவி சரசுவின் பாடு இன்னும் மோசம். இரண்டு வருடமாக அவள் காய்கறி வாங்கத் தனியாகப் பசாருக்குக்கூடப் போனதில்லை.

டீச்சரோ முதல் மூன்று சனிக்கிழமைகள் ஒன்றுமே செய்யவில்லை. கப்சாய் மோட்டார் சைக்கிளில் வருவார், மூலையில் உட்காருவார், டிக், டிக். சரசு கொடுக்கும் தேநீரைக் குடிப்பார், மறுபடி டிக். பக்கத்து வீட்டு ராசம்மாக்கா சுவரோரம் வந்து, “என்னா தம்பி, எலக்‌ஷன் வருதா? தலை எண்றாங்க?” என்று விசாரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“டீச்சர், பிள்ளைய எப்பதான் திருத்தப் போறீங்க?”

“பிள்ளையையா? நான் உங்களையில்ல எண்ணிக்கிட்டிருக்கேன், அண்ணே!”

நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். “நான் இருந்த நேரத்துல ஒம்பது பேரு வந்தாங்க. ஒருத்தர்கூடச் சொன்னதும் போகல. ‘போயிட்டு வரேன்’னு எழுந்திரிக்கிறாங்க, மறுபடி உக்காருறாங்க. வாசல்ல ஒரு கதை, கேட்டுல ஒரு கதை. நீங்க என்னடான்னா சொல்லாமலே மாயமா மறையிறீங்க. யாரு எப்ப போவாங்க, போனவங்க வருவாங்களா, இந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? யாராச்சும் எழுந்து நின்னாலே பயப்படுது. நீங்களா இருந்தா கத்த மாட்டீங்க?”

நான் அதுநாள் வரை அவள் அலறலைப் பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன்.

வைத்தியம் எளிதுதான். போகிறவர் கவிதாவின் உள்ளங்கையில் கை தட்டி, ஒரே ஒரு தடவை ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். வந்ததும் மறுபடி கை தட்ட வேண்டும். முதலில் அரை நிமிடம், பிறகு ஒன்று, இரண்டு என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரே மத்தியானத்தில் டீச்சர் என்னைப் பதினான்கு தடவை வீட்டை விட்டு அனுப்பினார்.

“நல்லா போனீங்கண்ணே!” என்று ஒவ்வொரு தடவையும் பாராட்டுவார். வெட்கமாக இருந்தது. ஆனால் அடுத்த தடவை இன்னும் நன்றாகப் போனேன்.

ஒன்பதாவது தடவை ராசம்மாக்கா வழிமறித்தார். “தம்பி, சரசு வீட்டுக்குள்ள விட மாட்டேங்குறாளா?” நான் நின்று விளக்கியதில் பத்து நிமிடம் ஓடிவிட்டது. உள்ளே அலறல். டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ரெண்டு நிமிஷத்துக்குத்தான அனுப்புனேன்? அவ உங்கள நம்பலன்னா, தப்பு அவ மேல இல்லண்ணே.”

அதற்குப் பிறகு நான் ராசம்மாக்கா பக்கமே திரும்பவில்லை.

அடுத்து மாட்டியவர் சரசுவின் தம்பி, அதுதான் அந்த முப்பத்தொரு நிமிட மச்சான். அவர் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லி மறுபடி உட்காரப் போனார். “அதான் சொல்லிட்டீங்கல்ல, போங்க!” என்றார் டீச்சர். மச்சான் முகம் சுருங்கிவிட்டது. “அக்கா வீட்டுலேர்ந்தே துரத்துறாங்களா?” என்று போனவர் இரண்டு வாரம் வரவில்லை. சரசு அழுதாள்.

டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? கப்சாயை எடுத்துக்கொண்டு நேராக ரெம்பியாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். “தப்பு என்னோடது. குடும்பத்துக்கு ஒத்துவராத ரூலு ரூலே இல்ல. வீட்டுக்குள்ள ஒரு தடவ சொல்லுங்க. கேட்டைத் தாண்டி ரம்புத்தான் மரத்தடியில எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க.” மறுவாரத்திலிருந்து மரத்தடியில் ஒரு கூட்டமே நடந்தது. மச்சானின் சாதனை அங்கே நிகழ்ந்ததுதான்.

இரண்டு மாதம் ஆனது. ஒரு திங்கட்கிழமை காலை, பூட்ஸைக் காலில் போட்டுக்கொண்டு முன்வாசலில் நின்றேன். கை தட்டினேன். சொன்னேன். நடந்தேன். அலறலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே போனேன். ஒன்றும் கேட்கவில்லை. முச்சந்தியில் எனக்கு முன்னால் ஒருவரும் வந்திருக்கவில்லை. அந்தத் தைரியத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதேன். அந்த வாரமே சரசு தனியாகப் பசாருக்குப் போய், தேவையே இல்லாமல் மூன்று கிலோ வெங்காயம் வாங்கி வந்தாள்.

அதன் பிறகு இரண்டு வருடம் கழித்து டீச்சருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தொலைவிலுள்ள ஈப்போவுக்குப் போக வேண்டி வந்தது. கடைசி நாள் கேட்டருகே வந்து சிக்கிக்கொண்டார். ‘போறேன்’ என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வராது. ‘போயிட்டு வரேன்’ என்று சொன்னால் வர வேண்டும். பிள்ளையிடம் பொய் சொல்லக்கூடாது என்பது அவரே போட்ட ரூல். இரண்டும் சொல்ல முடியாமல், ஹெல்மெட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருபது நிமிடம் நின்றார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கவிதாவுக்குத்தான் பொறுமை போய்விட்டது. வந்து உள்ளங்கையை நீட்டினாள். டீச்சர் தட்டினார். “போயிட்டு வரேன்” என்றார், திரும்பிப் பார்க்காமல் போனார்.

மறுதீபாவளிக்கு மறுநாள் கேட்டருகே ஒரு சத்தம். டீச்சருக்குப் பக்கத்தில், கையில் முறுக்கு டின்னோடு அவருடைய புதுக் கணவர், பஸ்ஸில் வந்த களைப்பில் புலம்பிக்கொண்டு நின்றார். “ஏதோ சொல்லிட்டுப் போனாங்களாம்ண்ணே. வந்தே ஆகணுமாம்.”

கவிதா சாவகாசமாகப் போய் கேட்டைத் திறந்து, ஏதோ கடைக்குப் போய் வந்தவரிடம் நீட்டுவது போல டீச்சரிடம் உள்ளங்கையை நீட்டினாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. அந்த ஒரு வருடமாக, வருவாரோ மாட்டாரோ என்று ஏங்கிக்கொண்டிருந்தது நான்தான்.