இரண்டு ஊர்க் காப்பு

"லீவுக்கு நம்ம வூட்டுக்கா, மாமா வூட்டுக்கான்னு இன்னும் முடிவு பண்ணலப்பா."

கவியா போனில் இப்படிச் சொன்னதும், இளையபெருமாள் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். பெற்றவர்கள் வீட்டுக்கு வருவதற்கு யோசனை என்ன வேண்டிக்கிடக்கிறது?

கவியா அரியலூரில் டாக்டருக்குப் படிக்கிறாள். இரண்டாம் வருஷம். கோடை விடுமுறை இருபது நாள். மாமா என்றால் வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ராசாங்கம், இளையபெருமாளின் மனைவி வெற்றிச்செல்விக்குத் தம்பி. சொந்தமாக டிராக்டர் வைத்திருப்பவன். வீட்டில் ஏ.சி. போட்டிருப்பவன். இளையபெருமாள் விக்கிரமங்கலத்திலிருந்து தினமும் ஆலத்தியூர் போய் சிமென்ட் மூட்டை ஏற்றுகிறவர். அவர் வீட்டு மின்விசிறி சுற்றுவதைவிட முனகுவது அதிகம்.

ஏ.சி.யைக் கூட அவர் மன்னித்துவிடுவார். போன லீவில் நடந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. கவியாவுக்கு ஸ்டெதாஸ்கோப் வாங்கிக் கொடுத்தவன் ராசாங்கம். அவள் அதை முதன்முதலாக வைத்துப் பார்த்ததும் அவன் நெஞ்சில்தான். அதைப் போட்டோ எடுத்து, 'எங்க டாக்டரம்மா' என்று வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வேறு வைத்தான். இளையபெருமாள் அதை ஒரே நாளில் பதினோரு தடவை பார்த்தார்.

"இருவது வருசமா மூட்டை சுமந்த நெஞ்சு இங்க இருக்கு. குந்திக்கிட்டு டிராக்டர் ஓட்டுறவன் நெஞ்சுல என்னா கேக்கப் போவுது?" என்றார் மனைவியிடம்.

"உங்க நெஞ்சுல என்னா கேக்கும்னு எனக்குக் குழாய் வைக்காமலே தெரியுது. என் தம்பி பேருதான் கேக்கும்."

இந்த லீவு முழுக்க மகள் தன் வீட்டில்தான் இருக்க வேண்டும். எப்படி நிறுத்துவது? மூட்டை ஏற்றும்போது யோசித்தார், இறக்கும்போது யோசித்தார். மூன்றாம் நாள் விடை கிடைத்தது. மாரியம்மன் திருவிழா!

காப்புக் கட்டும்போது ஊரில் இருப்பவர்கள், அதை அவிழ்க்கும் வரை பதினைந்து நாளைக்கு வெளியூரில் ராத்தங்கக் கூடாது. ஊர்க்கட்டு. கவியா சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டிவிட்டால், ராசாங்கம் ஏ.சி.யைக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டியதுதான்.

நேராகக் கோயில் கமிட்டித் தலைவர் குழந்தைவேலிடம் போனார்.

"வைகாசி கடைசியிலதானேய்யா எப்பவும் கட்டுவோம். இப்ப என்னா அவசரம்?" என்றார் குழந்தைவேல்.

காரணத்தை இளையபெருமாள் யோசித்து வைக்கவில்லை. "நான்... தீச்சட்டி எடுக்குறதா வேண்டியிருக்கேன். ஆத்தா கனவுல வந்து சீக்கிரம் எடுடான்னுட்டா."

"ஆத்தாவே சொல்லிட்டாளா? அப்ப நாம யாரு மறுக்க? ஞாயித்துக்கிழமையே கட்டிடுவோம். ஆனா தீச்சட்டி எடுக்குறவன் கையில காப்புக் கட்டணும். அவிழ்க்குற வரைக்கும் ஊர் எல்லையையே தாண்டக் கூடாது, தெரியும்ல?"

அப்படியென்றால் பதினைந்து நாள் வேலைக்கும் போக முடியாது. இளையபெருமாள் ராசாங்கத்தின் ஸ்டேட்டஸை நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை மத்தியானம் கவியா பேசினாள்.

"அப்பா, திங்கக்கிழமை வாய்மொழித் தேர்வு ஒண்ணு வச்சுட்டாங்க. முடிச்சிட்டுத்தான் கிளம்பணும்."

இளையபெருமாள் குழந்தைவேல் வீட்டுக்கு ஓடினார். "அண்ணே, ஒரு ரெண்டு நாள் தள்ளிக் கட்டுவோமா?"

"யோவ், நீதானய்யா ஆத்தா அவசரப்படுறான்னே?"

"இப்ப கொஞ்சம் பொறுத்துக்கிறேங்குறா."

"ஆத்தா என்ன உன் கொழுந்தியாளா, நாளைக்கு ஒண்ணு பேச? மேளத்துக்குச் சொல்லியாச்சு, போய்யா!"

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் காப்புக் கட்டினார்கள். இளையபெருமாளின் வலது கையில் மஞ்சள் கயிறு ஏறியது. அதற்கப்புறம் குழந்தைவேல் மைக்கைப் பிடித்தார்.

"ஊர்ப் பொதுமக்களுக்கு அறிவிப்பு. காப்புக் கட்டியாச்சு. ஊர்ல இருக்குறவங்க வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. அதே மாதிரி, வெளியூர்ல இருக்குறவங்க இனிமே வந்து நம்ம ஊர்ல ராத்தங்கக் கூடாது!"

முதல் பாதிக்காகத்தான் இளையபெருமாள் இவ்வளவும் செய்தார். இரண்டாம் பாதி அவருக்கு மறந்தே போயிருந்தது.

"உங்க மவளை நீங்களே வெளியில நிறுத்திட்டீங்க" என்றாள் வெற்றிச்செல்வி. அவள் முகத்தில் பெரிய வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

கவியாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னார். "பரவால்லப்பா. அப்ப நான் மாமா வூட்லதான் இருக்கேன்னு வச்சுக்கங்க" என்றாள்.

வைத்துக்கொள்வதாவது! ராத்திரி முழுக்க இளையபெருமாள் புரண்டார். விடிவதற்குள் இன்னொரு யோசனை வந்தது. அவரோடு மூட்டை ஏற்றும் செல்லப்பனுக்கு ராசாங்கத்தின் ஊர்தான். கோயில் கமிட்டியிலும் இருக்கிறான். கவியா அங்கே போய்ச் சேருவதற்குள் அந்த ஊரிலும் காப்புக் கட்டிவிட்டால்? அவள் அங்கேயும் தங்க முடியாது. தனக்கு இல்லாதது மச்சானுக்கும் இல்லை. அதுவே போதும். திங்கட்கிழமை விடிந்ததும் போன் போட்டார்.

"செல்லப்பா, ஒங்க ஊர்ல இன்னைக்கே காப்புக் கட்டணும்டா. ஆத்தா என் கனவுல வந்து சொன்னா."

"எங்க ஊரு ஆத்தா ஒங்க கனவுல எதுக்குண்ணே வர்றா?"

"நீ தூங்குனாத்தானே உன் கனவுல வருவா! ஷிப்டு பார்த்துட்டுக் கிடக்குற. பேசி முடிடா."

செல்லப்பன் நல்லவன். கமிட்டியில் பேசிவிட்டான். செவ்வாய்க்கிழமை ராத்திரி போன் செய்தான்.

"முடிச்சிட்டேண்ணே! இன்னைக்குக் காப்புக் கட்டியாச்சு. முதல் ஆளா ஒங்க மச்சான்தான் கையை நீட்டுனாரு."

"இன்னைக்கா? நேத்துக் கட்டச் சொன்னேனேடா!"

"திங்கக்கிழமை ராகு காலம், அது இதுன்னு தள்ளிப்போச்சு. ஒரு நாள்ல என்னண்ணே ஆயிடப் போவுது?"

இளையபெருமாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மகள் திங்கட்கிழமையே மாமன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். செவ்வாய்க்கிழமை காப்பு. இனி அவள் நினைத்தாலும் அந்த ஊரை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்க முடியாது. ராசாங்கம் கேட்காமலேயே, பதினைந்து நாளைக்கு மகளை அவன் வீட்டில் வைத்துப் பூட்டி, சாவியையும் அவன் கையில் கொடுத்தாகிவிட்டது.

அந்தப் பதினைந்து நாளும் அவர் ஊர் எல்லையில் இருந்த புளியமரத்தடிக்குப் போய், அரியலூர் போகும் பஸ்ஸையெல்லாம், வெற்றிச்செல்வி பூசைச் சாமான் வாங்க ஏறிப்போன பஸ்ஸையும் சேர்த்து, வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கவியா போனில் எப்போதும் மெதுவாகத்தான் பேசினாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்ப்பா. மீன் குழம்பு."

"என்னா சத்தமே இல்ல? ஏ.சி. ரூமா?"

"தூக்கம் வருதுப்பா. அப்புறம் பேசுறேன்."

மீன் குழம்பு! இங்கே விரதம் என்று அவர் பதினைந்து நாளாக மோரும் சோறும் சாப்பிடுகிறார். அங்கே ராசாங்கம் நெஞ்சைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஸ்டேட்டஸ் எதுவும் போடவில்லை என்பதுகூட அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. அவ்வளவு சந்தோஷம், போட்டோ எடுக்கக்கூட நேரமில்லை போலிருக்கிறது.

தீச்சட்டி எடுத்த அன்று கை இரண்டும் பழுத்துவிட்டன. "என்னா பக்தி பாரு!" என்றார் குழந்தைவேல். கண்ணில் வழிந்தது என்னவென்று இளையபெருமாளுக்குத்தான் தெரியும்.

காப்பு அவிழ்த்த மறுநிமிஷம் பஸ் ஏறினார். அரியலூரில் மாறி, பெரம்பலூரில் மாறி, வேப்பந்தட்டையில் இறங்கி, மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றபோது உச்சி வெயில். ராசாங்கம் கையில் இன்னும் காப்பு இருந்தது. முகம் கடுகடுவென்று இருந்தது.

"வாங்க மாமா. ஜெயிச்ச கதையைச் சொல்லிக் காட்டலாம்னு வந்தீங்களா?"

"என்னாடா கதை? எம்மவளைக் கூப்புடு. மிச்சம் இருக்குற அஞ்சு நாளாவது எங்கூட இருக்கட்டும்."

"எங்கிட்ட கேக்குறீங்க? ஊரைக் கூட்டிக் காப்புக் கட்டி, புள்ளைய ஒங்க வூட்லயே அடைச்சு வச்சது நீங்க! 'அப்பா வூட்லதான் இருக்கேன்னு வச்சுக்கங்க மாமா'ன்னு அதுதானே சொல்லிச்சு? பதினஞ்சு நாளா நான் இங்க சோறு தண்ணி இறங்காமக் கிடக்கேன்!"

"பொய் சொல்லாதடா! மீன் குழம்பு ஆக்கிப் போட்டு மயக்குனவன் நீ!"

"கையில காப்போட நான் மீன் குழம்பு ஆக்குனேனா? வேணும்னா உள்ள வந்து சட்டிய மோந்து பாருங்க!"

இருவர் சத்தமும் தெருவுக்குக் கேட்டது. அடுப்படியிலிருந்து ராசாங்கத்தின் மனைவி அம்பிகா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு பேரும் கத்தாதீங்க. இந்த லீவுல யாரு வூட்டுக்கும் வரலை, ஹாஸ்டல்ல கிடந்து நல்லாத் தூங்கப் போறேன்னு புள்ள மாசி மாசமே எங்ககிட்ட சொல்லிருச்சு; பகல்ல நானும் ஒங்க வூட்டு அண்ணியும்தான் ஆளுக்கொரு நாளா அரியலூருக்குச் சோறு கொண்டு போறோம், மீன் குழம்பு அங்க ஹோட்டல்ல வாங்கிக் குடுத்தது, நீங்க ரெண்டு பேரும் ஊரைத் தாண்டாம கையில கயிறு கட்டிக்கிட்டதுதாண்ணே எங்களுக்குப் பெரிய வசதியாப் போச்சு!"